அந்தக் கைக்கு என்ன விலை? ரேடார் கன் சொல்லாத வேகப்பந்து கதை!

திருவண்ணாமலையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு மைதானத்தில் போய் நின்று பாருங்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருக்கும். ஒரே மைதானத்தில் நாலு கிரிக்கெட் மேட்ச் நடக்கும். ஒரு டீமின் மிட்விக்கெட், இன்னொரு டீமின் ஸ்லிப்பாக நின்றுகொண்டிருப்பார். அந்தக் கூட்டத்தில் கண்டிப்பாக ஒரு பையன் இருப்பான். பவுண்டரி கோட்டில் பந்தை எடுப்பான், ஒரே எறி. பந்து தரையைத் தொடாமல் கீப்பர் கைக்குப் போய், அவர் கையை உதறிக்கொண்டு திட்டுவார். “இவன் கையில என்னமோ இருக்குடா” என்று சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். பையன் டிகிரி முடிப்பான், வேலைக்குப் போவான்.

இதே பையன் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? அவனைப் பார்க்கவே ஊர் விட்டு ஊர் வந்து, கையில் ரேடார் கன்னோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஸ்கௌட் என்று பெயர். திறமையைத் தேடிப் பிடிப்பதுதான் அவர்களுக்கு முழுநேர வேலை.

இந்தியாவில் அப்படி ஒரு தேடல் ஒருமுறை நடந்தது. அதில் ஜெயித்த பையனின் கதையையும், வேகத்தை மட்டும் நம்பியவர்கள் கற்ற பாடத்தையும் இப்போது பார்ப்போம். வீட்டில் வேகமாகப் பந்து போடும் பிள்ளை இருந்தால், இது உங்களுக்கான கட்டுரை.

75 கோடி ரூபாய் கை!

முதலில், அந்த ஊரில் ஒரு கைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்வோம். பால் ஸ்கீன்ஸ் என்று ஒரு பையன். போர் விமானம் ஓட்டவேண்டும் என்ற ஆசையில் அமெரிக்க விமானப்படை அகாடமியில் சேர்ந்தவர். அங்கே பேஸ்பாலும் ஆடினார். பந்து எறியும் பிட்ச்சராக மட்டுமல்ல, நம்மூர் விக்கெட் கீப்பர் மாதிரியான கேட்ச்சராகவும் ஆடினார். இரண்டு வருடங்களுக்குப் பிறகு லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு மாறினார். 2023 சீஸனில் 209 பேட்ஸ்மேன்களை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் பந்துகளை சர்வசாதாரணமாக எறிந்தார்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் இருக்கின்றன. பள்ளி, கல்லூரி வீரர்களை அவை வருடாவருடம் ‘டிராஃப்ட்’ முறையில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். 2023 டிராஃப்ட்டில் முதல் ஆளாக ஸ்கீன்ஸை எடுத்தது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி. கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் அவருக்குக் கிடைத்தது 92 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 75 கோடி ரூபாய்! 2024 மே மாதம் மேஜர் லீகில் அறிமுகமானார். அந்த வருடமே சிறந்த புதுமுகம். 2025-ல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீன்ஸுக்கு 15 வருடங்கள் முன்பே அதே அணி இரண்டு இந்தியப் பையன்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தது.

பேஸ்பாலையே பார்க்காத சாம்பியன்!

ஜே.பி.பெர்ன்ஸ்டீன் ஓர் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் ஏஜென்ட். ‘கிரிக்கெட் பைத்தியம் பிடித்த இந்தியாவில் இத்தனை கோடி பேர் பந்து போடுகிறார்கள். அதில் ஒருவனாவது பேஸ்பால் பிட்ச்சர் ஆக மாட்டானா?’ என்பது அவர் போட்ட கணக்கு. ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஒரு ரியாலிட்டி ஷோ தொடங்கினார். ஊர் ஊராகப் போய் வலையைக் கட்டி, பையன்களை எறியச் சொல்லி, ரேடார் கன்னில் வேகத்தை அளந்தார்கள். 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்தார்கள்.

2008-ல் போட்டியை வென்றவர் ரிங்கு சிங். வயது 19. உத்தரப்பிரதேசத்தின் பதோஹி பகுதியைச் சேர்ந்தவர். அப்பா லாரி டிரைவர். வீட்டில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். இடது கையால் அவர் எறிந்த பந்தின் வேகம் மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர். பரிசு 1 லட்சம் டாலர், அப்போது சுமார் 40 லட்சம் ரூபாய். அவரோடு அமெரிக்கா போகத் தேர்வானவர் வாரணாசி பக்கத்துக் கிராமத்துப் பையன் தினேஷ் படேல்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கிரிக்கெட் பவுலர்களைத் தேடி வந்த போட்டியில் ஜெயித்த இரண்டு பேருமே கிரிக்கெட் பவுலர்கள் இல்லை. லக்னோவில் ஸ்போர்ட்ஸ் காலேஜில் ஈட்டி எறிதல் பயிற்சி எடுத்தவர்கள். அதுவரை பேஸ்பாலைக் கையில் தொட்டதுகூட இல்லை.

யோசித்தால் காரணம் புரியும். கிரிக்கெட்டில் ஓடி வந்து, முழங்கையை மடக்கி நீட்டாமல் பந்து போடவேண்டும். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் ‘த்ரோ’ என்று புகார் வரும். பேஸ்பாலில் அந்தத் தடை இல்லை. ஒரு மேட்டில் நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி, சாட்டை சொடுக்குவதுபோல எறியவேண்டும். நாம் சின்ன வயதில் கல்லெறிந்து மாங்காய் அடித்தோமே, அந்த அசைவு. ஈட்டி எறிபவர்களின் உடம்பு அதற்குப் பழகியிருக்கும்.

ஆறு மாதத்தில் ஒரு வாழ்க்கை

2008-ல் இருவரும் அமெரிக்கா போனார்கள். மொழி தெரியாது, சாப்பாடு பழக்கமில்லை, விளையாட்டின் விதிகளே புதிது. பெர்ன்ஸ்டீன் வீட்டில் தங்கினார்கள். பிட்ச்சிங் பயிற்சியில் பெயர் பெற்ற டாம் ஹவுஸ் என்பவரிடம் கற்றுக்கொண்டார்கள். அந்த நவம்பரில் அரிசோனாவில் ஸ்கௌட்கள் முன்னால் எறிந்து காட்டினார்கள். அதே மாதம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது.

2009 ஜூலை 4-ம் தேதி, பைரேட்ஸின் கீழ்மட்ட அணியில் இருவரும் களமிறங்கினார்கள். அதே மாதம் 13-ம் தேதி ரிங்கு தன் முதல் வெற்றியைப் பதிவு செய்தார். வால்ட் டிஸ்னி நிறுவனம் இந்தக் கதையை ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பெயரிலேயே 2014-ல் படமாக்கியது. இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.

சினிமா, ஒப்பந்தத்தோடு ‘சுபம்’ போட்டுவிடும். நிஜ வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது. தினேஷை 2010 டிசம்பரில் அணி விடுவித்தது. அவர் இந்தியா திரும்பினார். ரிங்கு விடவில்லை. வருடத்துக்கு வருடம் மேலேறி, 2012-ல் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள அணிவரை வந்துவிட்டார். மேஜர் லீகுக்கு இன்னும் சில படிகள் பாக்கி. அப்போதுதான் காயங்கள் வந்தன. முழங்கையில் அறுவை சிகிச்சை. சீஸன் சீஸனாக வெளியே உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை. மேஜர் லீக் மேட்டில் அவரால் ஏறவே முடியவில்லை.

2018-ல் ரிங்கு டபிள்யூ.டபிள்யூ.இ மல்யுத்தத்தில் சேர்ந்தார். நெற்றியில் பட்டையும் நீண்ட தாடியுமாக டி.வி-யில் ‘வீர் மஹான்’ என்று வந்தாரே, அவர்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீர் மஹானைத் தெரிந்திருக்கும். ஆனால், அவர் 140 கிலோமீட்டர் வேகத்தில் பேஸ்பால் எறிந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

போலீஸ் கருவி மைதானத்துக்கு வந்த கதை

வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்கௌட்கள் அலையத் தொடங்கியதற்கு ஒரு போலீஸ் வண்டிதான் காரணம். 1970-களில் மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியின் பேஸ்பால் கோச்சாக இருந்தவர் டேனி லிட்வைலர். கல்லூரி வளாகத்தில் வேகமாகப் போகும் வண்டிகளைப் பிடிக்க போலீஸ் ரேடார் கருவி வைத்திருப்பது அவருக்குத் தெரிய வந்தது. ‘காரை அளக்கும் கருவி பந்தை அளக்காதா?’ என்று யோசித்தார். மைதானத்தில் முயற்சி செய்து பார்த்தார். அளந்தது! பிறகு ஒரு நிறுவனம் பேஸ்பாலுக்கென்றே ரேடார் கன் தயாரித்தது. அதற்கு முன்புவரை “ரொம்ப வேகம்” என்று வாயால் சொன்னதெல்லாம் அதன்பின் எண்ணாக மாறியது.

எண் வந்ததும் ஒரு சௌகரியம், ஓர் ஆபத்து. சௌகரியம், யாரும் ஏமாற்ற முடியாது. ஆபத்து, எண் தெரிவதை மட்டுமே பார்க்கத் தோன்றும்.

உலகத்திலேயே வேகமான பிட்ச்சர் யார் என்று பழைய பேஸ்பால் ஆட்களைக் கேட்டால் பலரும் சொல்லும் பெயர் ஸ்டீவ் டல்கௌஸ்கி. ரேடார் கன் வருவதற்கு முந்தைய காலத்தவர். 1957-ல் பள்ளி முடித்த கையோடு பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் வருடம் கீழ்மட்ட லீகில் 62 இன்னிங்ஸ் எறிந்தார். ஸ்ட்ரைக்-அவுட் 121. அபாரம்! ஆனால், பந்தை எல்லைக்குள் போடத் தெரியாமல் எதிரணிக்கு இலவசமாகக் கொடுத்த ‘வாக்’ 129! ஒன்பது சீஸன் கீழ்மட்டத்திலேயே ஓடியது. 1963-ல் ஒருவழியாகப் பந்து அவர் சொல் பேச்சைக் கேட்கத் தொடங்கியபோது முழங்கை போய்விட்டது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியாமலேயே அவர் ஆட்டம் முடிந்தது. 2020-ல் காலமானார்.

ஸ்கௌட் நோட்டில் என்ன இருக்கும்?

டல்கௌஸ்கி மாதிரி ஆட்களைப் பார்த்துச் சூடுபட்டதால், இன்று ஸ்கௌட்கள் வேகத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. 60 நல்ல மார்க். 80 அபூர்வம். வேகத்துக்குத் தனி மார்க். பந்து கடைசி நேரத்தில் எவ்வளவு விலகுகிறது என்பதற்குத் தனி மார்க். குறிபார்த்துப் போடும் திறனுக்குத் தனி மார்க். வேகப்பந்தைத் தவிர வேறு என்ன பந்து கைவசம் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் மார்க்.

இன்று மேஜர் லீகில் வேகப்பந்தின் சராசரி வேகமே மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர். பிட்ச்சருக்கும் பேட்ஸ்மேனுக்கும் இடையே இருப்பது 18.44 மீட்டர்தான், நம் கிரிக்கெட் பிட்ச்சைவிடக் குறைவு. 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. ஆனாலும் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் வந்தால் அந்தப் பந்தையும் அங்கே அடித்துவிடுவார்கள். அதனால்தான் வேகம் நுழைவுச்சீட்டு மட்டும்தான். உள்ளே போய் உட்கார வேறு தகுதிகள் வேண்டும்.

எழுத்தில் வராத விஷயங்களையும் ஸ்கௌட் பார்ப்பார். நூறாவது பந்திலும் அதே மாதிரி கை சுழல்கிறதா? ஃபீல்டர் கேட்ச்சை விட்டால் பையன் முகம் எப்படி மாறுகிறது? தோற்ற மேட்ச் முடிந்து கோச்சிடம் எப்படிப் பேசுகிறான்? இதெல்லாம் ரேடாரில் தெரியாது. நாலு மேட்ச் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கை தாங்குமா?

எல்லா மார்க்கும் வாங்கிய பையனுக்கும் கடைசியில் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். அந்தக் கை தாங்குமா?

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் கதை இதற்குச் சரியான உதாரணம். பள்ளி முடித்தபோது அவரை எந்த அணியும் டிராஃப்ட்டில் எடுக்கவில்லை. உடல் எடை அதிகம், பயிற்சி போதாது. சான் டியாகோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் சேர்ந்து உடம்பைக் குறைத்தார், உழைத்தார். வேகம் கூடிக்கொண்டே போனது. 2009 டிராஃப்ட்டில் முதல் ஆள் அவர்தான். 2010 ஜூன் 8, முதல் மேட்ச்சிலேயே 14 ஸ்ட்ரைக்-அவுட். அமெரிக்காவே பேசியது. அடுத்த மூன்று மாதத்தில் முழங்கை தசைநார் கிழிந்து ஆபரேஷன் டேபிளில் படுத்திருந்தார்.

மீண்டு வந்தார். 2019 வேர்ல்டு சீரிஸில் சிறந்த வீரர் விருது வாங்கினார். உடனே 7 வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதன்பின் அவர் உடம்பு ஒத்துழைத்தது வெறும் 8 மேட்ச்சுக்கு மட்டுமே!

அந்த முழங்கை ஆபரேஷனுக்கு ‘டாமி ஜான் சர்ஜரி’ என்று பெயர். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தார். உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டுவார்கள். டாமி ஜான் அதற்குப் பிறகு 164 மேட்ச்களை ஜெயித்தார் என்பது மருத்துவத்தின் சாதனை. ஆனால், திரும்ப எறிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் பழைய ஆளாகத் திரும்பி வருவதும் இல்லை.

இதனால்தான் அமெரிக்காவில் வயது வாரியாகப் பந்துகளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். 17, 18 வயதுப் பிட்ச்சர் ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது. 19 முதல் 22 வயதுவரை 120. எறிந்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாள்கள். நம்மூரில் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில் காலை ஒரு மேட்ச், மத்தியானம் ஒரு மேட்ச், சாயங்காலம் ஃபைனல் என்று ஒரே பையனைப் பந்து போட வைக்கிறோமே… அவன் எத்தனை பந்து போட்டான் என்று யாராவது எண்ணியிருக்கிறோமா?

நம்மூரில் யார் தேடுகிறார்கள்?

வேகத்தைத் தேடும் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலிய ஜாம்பவான் டென்னிஸ் லில்லி வந்து பயிற்சி கொடுத்தார். வேகப்பந்து வீச்சாளர் ஆகவேண்டும் என்று அங்கே போன சிறுவன் சச்சினை, “நீ பேட்டிங்கைக் கவனி” என்ற அர்த்தத்தில் லில்லி திருப்பி அனுப்பியது ஊரறிந்த கதை. நல்ல தேர்வாளர் “ஆமாம்” சொல்வதற்கு மட்டுமல்ல, சரியான நேரத்தில் “இல்லை” சொல்வதற்கும் வேண்டும். அதே ஃபவுண்டேஷனில் இருந்த தமிழக வேகப்பந்து வீச்சாளர் டி.ஏ.சேகரின் கண்ணில் பட்டு சென்னைக்கு வந்தவர்தான் ஜாகீர் கான்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை மறக்க முடியுமா? டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் வளர்ந்தவர். ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைந்ததுமே பந்துவீச்சு முறையில் புகார். அதோடு பலர் காணாமல் போயிருப்பார்கள். அவர் பந்து போடும் விதத்தையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். டி.என்.பி.எல், ஐ.பி.எல், 2020 டிசம்பரில் இந்திய அணி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். அவரை அங்கே கொண்டுபோனது வெறும் வேகம் இல்லை. நினைத்த இடத்தில் விழும் யார்க்கர்.

உங்கள் வீட்டில் ஒரு கை இருந்தால்…

அந்த மைதானத்துப் பையனுக்கே வருவோம். அவன் உங்கள் பிள்ளையாகவோ, தம்பியாகவோ இருந்தால், இவற்றைக் கவனியுங்கள்.

* ‘வேகமாக எறிகிறான்’ என்றால் கிரிக்கெட் மட்டும்தான் வழி என்று முடிவு கட்டாதீர்கள். 2021-ல் நீரஜ் சோப்ரா டோக்கியோவில் 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியபிறகு, ஈட்டி எறிதலுக்கு இந்தியாவில் மரியாதையே வேறு. பல்கலைக்கழகங்களுக்கு இடையே பேஸ்பால் போட்டிகளும் நடக்கின்றன. கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடமும், மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

* மொபைல் ஆப்பில் வேகத்தை அளந்து சந்தோஷப்படலாம். ஆனால், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தூரத்தைச் சற்றுத் தப்பாகக் கொடுத்தாலே எண் எங்கேயோ போய்விடும்.

* முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், தைலம் தேய்த்துவிட்டு அடுத்த மேட்ச்சுக்கு அனுப்பாதீர்கள். எறிவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

* “நேரா டீம்ல சேர்த்துவிடுறேன், இவ்வளவு பணம் கட்டுங்க” என்று யாராவது சொன்னால், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிஜமான ஸ்கௌட் உங்களைத் தேடித்தான் வருவார், பணம் கேட்டு வரமாட்டார்.

* அரியர் இல்லாமல் டிகிரியை முடிக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ராஸ்பர்க்கைப் பள்ளி முடித்தபோது யாரும் எடுக்கவில்லை. கல்லூரியில் கிடைத்த மூன்று வருடம்தான் அவரை நம்பர் ஒன் ஆக்கியது.

ரிங்கு சிங் மேஜர் லீகில் ஆடவில்லைதான். ஆனால், பதோஹியிலிருந்து கிளம்பி, விதிகூடத் தெரியாத ஒரு விளையாட்டில் வருடக்கணக்கில் தாக்குப்பிடித்து, கை போனபிறகும் இன்னொரு வேலையைக் கற்றுக்கொண்டு நிமிர்ந்து நின்றாரே, அந்தக் குணத்தை 2008-ல் எந்த ரேடார் கன்னும் காட்டவில்லை. 37,000 பேர் எறிந்த அந்தப் போட்டியில், அவரைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் எறிந்து வீடு திரும்பியவர்களில் எத்தனை நல்ல கைகள் இருந்தனவோ!

இன்று சாயங்காலம் மைதானத்துப் பக்கம் போனால், பவுண்டரியிலிருந்து எறியும் அந்தப் பையனைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். “சூப்பர் த்ரோடா தம்பி” என்று சொல்லுங்கள். கூடவே, “கை வலிக்குதா?” என்றும் கேளுங்கள். அவனை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்களாகக்கூட இருக்கலாம்.